மக்காச்சோளத்துக்குப் பதிலா என்ன போட்டீங்க? மாடு தேத்துற ஆளுக அனுபவம்

கம்மாக்கரை, கடலாடி:

வணக்கம் சொந்தங்களே. உழவுக்கும் வண்டிக்கும் ஆகாதுன்னு தள்ளின கிழட்டுக் காளைய எலும்பும் தோலுமா வாங்கி, மூணு நாலு மாசம் நல்லாப் போட்டுத் தேத்தி, விலா மறைஞ்ச பிறகு கறிக்கு விக்கிறவங்க நம்ம பக்கம் நிறைய இருக்கோம். பத்து வயசு தாண்டி, டாக்டர் சர்டிபிகேட் வாங்கின மாடுகளைப் பத்தித்தான் பேசுறேன். வாங்குற விலையும் விக்கிற விலையும் சந்தை சொல்றதுதான். நாம கூட்டிக் குறைக்க முடிஞ்சது தீவனச் செலவு மட்டும்தான்.

மக்காச்சோளம் கோழிப்பண்ணைக்கும் எத்தனால் ஆலைக்கும் போக, மிச்சத்தை வாங்குறதுக்குள்ள முழி பிதுங்குது. உள்ளூர்த் தானியம் போட்டவங்க என்ன போட்டீங்க, மாடு எப்படி எடுத்துக்குச்சு, எங்க வில்லங்கம் வந்துச்சுன்னு எழுதுங்க. முதல்ல நானே ஆரம்பிக்கிறேன்.

நான் போடுறது கம்பு. மக்காச்சோளத்துல புரதம் 9 சதவீதம் போல இருக்கும், கம்புல 11, 12 வரைக்கும் வரும். அதனால புண்ணாக்கைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம். மாவுச்சத்து மக்காச்சோளத்தைவிடக் கம்மிதான், ஆனா விலை வித்தியாசத்துக்கு முன்னால அது பெருசில்ல. ஒண்ணே ஒண்ணு, முழுக் கம்பைப் போட்டா அது போட்டபடியே வெளிய வந்திரும். சாணியைக் கையில எடுத்து ஒரு வாளித் தண்ணியில கரைச்சுப் பாருங்க. அடியில கம்பு மணி மணியா நிக்கும். கிழட்டு மாட்டுக்குப் பல்லு தேஞ்சிருக்கும், அதால கடிச்சு உடைக்கவே முடியாது. கொட்டடியில கோழி சாணியக் கிளறிப் பொறுக்குதுன்னா, நம்ம காசைக் கோழி தின்னுதுன்னு அர்த்தம். மில்லுல ஒண்ணு ரெண்டா உடைச்சுத்தான் போடணும். மாவா அரைச்சிரவும் கூடாது, ஏன்னு கீழ யாராவது சொல்லுவாங்க.

இன்னொன்னு. தேன் ஒழுகல் நோய் விழுந்த கம்பு மலிவா வரும். மணிக்கு நடுவுல கருப்பா, கொஞ்சம் நீளமா, எலிப் புழுக்கை கணக்கா கிடக்கும். அது விஷம். 10 லிட்டர் தண்ணியில 1 கிலோ உப்பக் கரைச்சு அதுல கொட்டினா கருப்பு மேல மிதக்கும், வழிச்சு எறிஞ்சிட்டு நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிக் காயப்போடணும். விதைக்கம்புக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. தீவனத்துக்கு வாங்குற கம்புல கருப்பு நிறையக் கண்ணுல பட்டா நான் மூட்டையவே தொடுறதில்ல.

கொட்டடி, கீழக்கரை:

அஸ்ஸலாமு அலைக்கும். கம்மாக்கரை அண்ணன் சொன்னதுல உடைக்கிற விஷயத்தை நான் பெருசா வழிமொழியிறேன். சவூதியில ஒரு கால்நடைப் பண்ணையில வேலை பார்த்தவன் நான். அங்க ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வாற்கோதுமைதான், அதாவது பார்லி, கப்பல் கப்பலா வந்து இறங்கும். நம்ம ஊர்ல மாட்டுத் தானியம்னா மக்காச்சோளத்தை விட்டா வேற இல்லங்கிற பேச்சு அங்க போன பிறகுதான் எனக்கு விட்டுச்சு. கனடாவோட மேற்குப் பக்கம் கறி மாட்டுக்கு வாற்கோதுமை. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துப் பக்கம் சோளம், நம்ம சோளமேதான். எந்த மண்ணுல எது மலிவா விளையுதோ அதைப் போடுறாங்க. ஆனா எதையும் முழுசாப் போடுறதில்ல. சோளத்தை நீராவியில வேகவச்சு, உருளையில கொடுத்து அவல் தட்டுற மாதிரி தட்டிப் போடுறாங்க. சோளத்துல மாவுச்சத்தைச் சுத்திப் புரதம் இறுக்கமா மூடியிருக்கும், அதை உடைச்சாத்தான் மாட்டு வயித்துக்கு எட்டும்.

இங்க நமக்கு அந்த மிஷினெல்லாம் வேணாம். மாவு மில்லுல பெரிய சல்லடை போட்டு உடைச்சாப் போதும். வெள்ளைச் சோளம் கிடைச்சா அதை எடுங்க. செஞ்சோளத்துல துவர்ப்பு அதிகம் உள்ள ரகம் இருக்கு, ஒரு மணியை வாயில போட்டு மென்னா நாக்கு இழுக்கும். அந்தத் துவர்ப்பு புரதத்தைச் செரிக்க விடாது. மாடு தின்னும், உடம்புல ஒட்டாது.

வயக்காடு, திருவாடானை:

மாவா அரைக்கக் கூடாதுன்னு சொன்னதுக்குக் காரணம் நான் சொல்றேன். அரிசிக் குருணையும் அதே கதைதான்.

எங்க சித்தப்பா வீட்டுல காதுகுத்து. மறுநா வரைக்கும் அண்டாவுல சோறு மிச்சம் கிடந்துச்சு. தேத்திக்கிட்டிருந்த காளை ராத்திரி கயித்த அறுத்துக்கிட்டு வந்து அண்டாவுல தலைய விட்டிருச்சு. விடியக்கால நாங்க பார்க்கும்போது இடது பக்க வயிறு உப்பி நிக்குது. அசை போடல. பல்லை நறநறன்னு கடிக்குது. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு. கழிச்சது சாணியே இல்ல, சாம்பல் கலந்த மஞ்சள்ல தண்ணியா, புளிச்ச வாடையோட, உள்ள பருக்கை பருக்கையா.

டாக்டர் வந்து இடது விலாவுக்குக் கீழ முஷ்டியால அமுக்கிப் பார்த்தாரு. உள்ள தண்ணி தளும்புற சத்தம் எங்களுக்கே கேட்டுச்சு. அப்பத்தான் அவரு விளக்கினாரு. மாட்டு வயித்துல கோடிக்கணக்குல நுண்ணுயிரு இருக்கு. வைக்கோலைச் செரிக்கிற கூட்டம் வேற, மாவைத் தின்னுற கூட்டம் வேற. திடீர்னு மாவு வந்து விழுந்தா ரெண்டாவது கூட்டம் கட்டுக்கடங்காமப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுது. நல்லா இருக்கிற வயித்துல கார அமில நிலை 6க்கு மேல இருக்கணும், 5.5க்குக் கீழ போனாலே ஆபத்து. அமிலம் சேர்ந்ததும் ரத்தத்துல இருக்கிற தண்ணியெல்லாம் வயித்துக்குள்ள இழுபட்டுரும். கண்ணு உள்ள போறது அதனாலதான். சோடா மருந்து கொடுத்தாரு, குளுக்கோஸ் மாதிரி பாட்டில் பாட்டிலா நரம்புல ஏத்தினாரு. காளை பிழைச்சிருச்சு. ஆனா கொஞ்ச நாள் கழிச்சு நாலு குளம்பும் நொந்து, தரையில கால வைக்கவே கூசுச்சு. அமிலம் ஏறுன மாட்டுக்குக் குளம்பு நோவு பின்னாலேயே வருமாம். நொண்டுற மாட்ட வியாபாரி என்ன விலைக்குக் கேப்பாருன்னு உங்களுக்கே தெரியும்.

வெந்த சோறுதான் இதுல முதல் எதிரி. பொங்கலுக்குப் பொங்கல் யாராவது ஒரு வீட்டுல இது நடக்குது, ஆசையா ஊட்டுறோம்னு ஊட்டிச் சாகடிக்கிறோம். குருணை பச்சையா இருக்கிறதால சோறு அளவுக்கு வேகம் இல்ல. ஆனா மாவா அரைச்சா அதுவும் சீக்கிரம் புளிக்கும். நான் கலப்புத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல குருணை சேர்க்கிறதில்ல. காலையில முதல்ல வைக்கோல், வயிறு பாதி நிறைஞ்ச பிறகுதான் தானியம். அதையும் ஒரே நேரத்துல கொட்டாம மூணு வேளையாப் பிரிச்சு.

எவ்வளவுன்னு கேக்குறவங்களுக்கு: 250 கிலோ மாடு ஒரு நாளைக்குக் காஞ்ச எடையில 6, 7 கிலோ தின்னும். அதுல தானியம் அரைக் கிலோவுல ஆரம்பிச்சு, ரெண்டு மூணு வாரத்துல மெல்ல மெல்ல ஏத்தணும். கம்புல இருந்து சோளத்துக்கு, சோளத்துல இருந்து குருணைக்குன்னு மாத்தும்போதும் இதே நிதானம் வேணும். மலிவா ஒரு லோடு வந்துச்சுன்னு மறுநாளே மாத்துறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

பனங்காடு, சாயல்குடி:

தானியம் இல்லாத ஒண்ணைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கருவ நெத்து, அதாவது வேலிக்கருவையோட காஞ்ச காய். வேலிக்கருவை நம்ம மாவட்டத்தையே மூடிக் கிடக்கு. அதை வெட்டிக் கரி மூட்டம் போடுறோம், நெத்தை ஆடு மாடு மேய விட்டுடுறோம். அந்த நெத்துல சர்க்கரை நிறைய, புரதம் 12 சதவீதம் அளவுக்கு இருக்கு. கம்புக்குச் சமம். கோடையில மரத்தடியில மஞ்சளாக் கொட்டிக் கிடக்கிறதைப் பொறுக்கினா கூலி மட்டும்தான் செலவு.

சிரமம் அரைக்கிறதுலதான் இருக்கு. சர்க்கரை இருக்கிறதால ஈரம் கொஞ்சம் நின்னாலும் பிசினாகி மில்லு சல்லடையை அடைச்சிரும். மில்லுக்காரர் அடுத்த தடவை நம்மள வாசல்லயே நிறுத்திருவாரு. சிமெண்டுத் தளத்துல நல்ல வெயில்ல காயப்போட்டு, கையில ஒடிச்சா சடக்குன்னு ஒடியணும், வளையக் கூடாது. ஆட்டிப் பார்த்தா உள்ள விதை கலகலக்கணும். அந்தப் பதத்துல எடுத்துட்டுப் போனா மணமான மாவா விழும். மாடு அந்த வாசத்துக்கே தலையத் தூக்கும். அரைக்காம முழு நெத்தைப் போட்டா விதை செரிக்காம சாணியோட போய், எரு போட்ட வயலெல்லாம் கருவக் கன்னு முளைக்கும்.

அளவு முக்கியம். கலப்புத் தீவனத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல நான் போக மாட்டேன். வேற தீவனமே இல்லாம மாசக்கணக்குல நெத்தையே தின்ன மாட்டுக்குத் தாடையும் நாக்கும் விளங்காமப் போகும். மெல்ல முடியாது, எச்சில் ஒழுகும், தலையச் சாய்ச்சுக்கிட்டே மெல்லும், அப்படியே மெலியும். பிரேசில்ல இந்த நோயை நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க, நெத்துல இருக்கிற ஒரு காரப்பொருள் தாடையை இயக்குற நரம்பைக் கெடுக்குதாம்.

வயக்காடு, திருவாடானை:

பனங்காடு அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எங்க கம்மா பூரா அந்தக் கருவைதான் அடைச்சுக் கிடக்கு. நெத்துக்கு விலை வந்துட்டா அப்புறம் ஒருத்தனும் மரத்த வெட்ட விடமாட்டான்.

பனங்காடு, சாயல்குடி:

வெட்டுங்க தம்பி, வேரோட வெட்டுங்க, நானே கூட வர்றேன். வெட்டி முடிக்கிற வரைக்கும் கொட்டுற நெத்தை அரைச்சு மாட்டுக்குப் போட்டா, அந்த விதையாவது முளைக்காம ஒழியுமில்லையா? தானா மேஞ்சு விதை பரப்புறதைவிட இது எவ்வளவோ மேல்.

கிடாக்காரர், உச்சிப்புளி:

நான் மாடு இல்ல, பக்ரீத் கிடா வளர்க்கிறேன். ஆனா இது காளைக்கும் பொருந்தும், அதனால எழுதுறேன். தவிடும் தானியமும் தாராளமாப் போட்டு வளர்த்த கிடா, அதுலயும் குட்டியிலயே காயடிச்சது, திடீர்னு மூத்திரம் அடைச்சுக்கிட்டு நிக்கும். பின்னங்காலை நீட்டி, முதுகை வளைச்சு, வாலை ஆட்டி ஆட்டி முக்கும். சொட்டு சொட்டா வரும், இல்லன்னா ஒண்ணுமே வராது. மலச்சிக்கல்னு நினைச்சு எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தா பை வெடிச்சு உயிர் போயிரும். உடனே டாக்டர்கிட்டப் போகணும்.

காரணம் எளிசு. தானியத்துலயும் தவிட்டுலயும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) கம்மி. மணிச்சத்து ஒரு பங்குன்னா சுண்ணாம்புச்சத்து ரெண்டு பங்காவது இருக்கணும். தலைகீழானா மூத்திரப் பாதையில கல்லு சேருது. நான் தாது உப்புக் கலவையும் தீவனச் சுண்ணாம்புத் தூளும் சேர்க்கிறேன். கேப்பையில மத்தத் தானியத்தைவிடச் சுண்ணாம்புச்சத்து பல மடங்கு, அதனால உடைச்ச கேப்பை கொஞ்சம் கலக்கிறேன். முக்கியமா நல்ல தண்ணி. கிடாவுக்குக் குடிக்கிற தண்ணி வாய்க்கு ஒத்து வரலன்னா குறைச்சுக் குடிக்கும், மூத்திரம் கெட்டியாகும். நம்ம கடற்கரைக் கிணறு கோடையில எப்படிக் கரிக்கும்னு சொல்ல வேணாம். எனக்கு மட்டும் குடத்துத் தண்ணி, கிடாவுக்குக் கிணத்துத் தண்ணின்னு நான் வச்சதில்ல.

கடலோரம், தேவிபட்டினம்:

எல்லாரும் என்ன போடணும்னு சொல்லிட்டீங்க. எப்படி வைக்கணும்னு நான் சொல்றேன். எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல மணல் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில சுவத்துல கைய வச்சா பிசுபிசுக்கும். அந்தக் காத்துல மூட்டையைத் தரையில போட்டா அடிமூட்டை தானாச் சூடேறும். கைய உள்ள விட்டுப் பார்த்தா வெதுவெதுப்பும், ஒரு புழுங்கின வாடையும் வரும். அது பூசணம். பச்சையாவோ சாம்பலாவோ கண்ணுக்குத் தெரியிறதுக்கு முந்தியே நஞ்சு இறங்கிரும்.

அந்த அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கழுவினாலும் போகாது, வேகவச்சாலும் போகாது. ஈரலைத் தாக்கும். மாடு உடனே சாகாது, ஆனா எவ்வளவு போட்டாலும் தேறாது. நம்ம ஆளுக குடற்புழுன்னு மருந்து ஊத்திக்கிட்டே இருப்பாங்க. மாட்டுத் தீவனத்துல கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அளவு வச்சிருக்காங்க. கடலைப் புண்ணாக்குலதான் இது அதிகம் வரும், மக்காச்சோளத்துலயும் வரும், நனைஞ்ச எந்தத் தானியத்துலயும் வரும். சந்தேகம் வந்தா நாமக்கல்ல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

நாங்க பெண்கள் சேர்ந்து செய்யிறது இதுதான். புரட்டாசி வெயில்லயே எல்லாத் தானியத்தையும் காயவச்சு முடிச்சிருவோம். பல்லுல கடிச்சா டக்குன்னு உடையணும், நசுங்கக் கூடாது. ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழ வந்தா அந்தப் பதம் வரும். பனஞ்சட்டத்தைப் பரப்பி, சுவத்தை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குவோம். உடைச்ச தானியம் சீக்கிரம் கெடும், அதனால ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும்தான் மில்லுக்கு அனுப்புறது. குதிரைவாலிக்கு ஒரு நல்ல குணம், உமியோட இருந்தா வருசக்கணக்குல தாங்கும். உமி அதிகம், அதனால சத்து குறைவுதான், ஆனா மழைக்காலத்துல கைகொடுக்கிறது அதுதான்.

கொட்டடி, கீழக்கரை:

அக்கா, ரொம்பத் தேவையான விஷயம். ஒண்ணு மட்டும் சேர்த்துக்குறேன். சோள மணி பயமில்ல, ஆனா மழை தவறி வாடி நிக்கிற இளஞ்சோளப் பயிர்லயும், அறுத்த தூர்ல திரும்பத் துளிர்க்கிற குருத்துலயும் மாட்ட விட்டுராதீங்க. அதுல சயனைடு நஞ்சு உண்டாகும், நிமிஷத்துல மூச்சு முட்டி விழுந்திரும். பூ எடுத்த பிறகு, இல்ல நல்லாக் காயவச்சுத் தட்டையாப் போட்டா பயம் குறைவு.

கம்மாக்கரை, கடலாடி:

எல்லாருக்கும் நன்றி. தேவிபட்டினம் அக்கா சொன்னபடி பனஞ்சட்டம் நாளைக்கே ஏற்பாடு பண்றேன். உச்சிப்புளி அண்ணே, தீவனச் சுண்ணாம்புத் தூள் எங்க வாங்குறீங்க, மூட்டை என்ன விலைன்னு சொல்லுங்க. திருவாடானைப் பக்கம் யார்கிட்டயாவது நோய் விழாத பழைய கம்பு இருந்தாலும் சொல்லுங்க. மழை இறங்குறதுக்கு முந்தி வண்டி கட்டிட்டு வந்து எடுத்துக்கிறேன்.