வாசனை எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, தரை வழுக்குகிறது: என்ன செய்யலாம்?

மலர், பொங்கோல்

சிங்கப்பூரில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அறைகளில் வினைல் தரை, கழிவறையில் ஓடு. கடைத் திரவங்களின் நெடி வேண்டாமென்று 300 மில்லி தண்ணீரில் 30 சொட்டு எலுமிச்சைப்புல் எண்ணெய் விட்டு, தெளிப்புப் புட்டியில் நிரப்பினேன். குலுக்கினாலும் ஐந்து நிமிடத்தில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது. திரைச்சீலையில் மஞ்சள் திட்டு. வாளியில் விட்டுத் துடைத்தால் தரை வழுக்குகிறது. வினிகர் சேர்த்தால் சரியாகுமா? அலமாரித் துணிக்கும் ஏதாவது சொல்லுங்கள். வீட்டில் நான்கு மாதக் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு.

கதிர், ஜூரோங்

குலுக்கிப் பயனில்லை மலர். எண்ணெய் மேலே நிற்கிறது, புட்டியின் குழாய் அடியிலிருந்து இழுக்கிறது. முதலில் அடிப்பதெல்லாம் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். புட்டி காலியாகும் நேரத்தில்தான் கலக்காத எண்ணெய் அப்படியே வெளியே வரும். திரைச்சீலைத் திட்டு அப்படி வந்ததுதான்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பொருள் வேண்டும். சோப்பு செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் பாலிசார்பேட் 20 என்று கேளுங்கள். 100 மில்லிக்கு அளவு: எண்ணெய் 1 மில்லி, பாலிசார்பேட் 4 மில்லி, 70 விழுக்காட்டு எத்தனால் (ஆல்கஹால்) 55 மில்லி, காய்ச்சி வடித்த தண்ணீர் 40 மில்லி. வரிசைதான் முக்கியம். உலர்ந்த கண்ணாடிக் குவளையில் எண்ணெயையும் பாலிசார்பேட்டையும் மட்டும் விட்டு, கோடு கோடாகத் தெரிவது மறையும்வரை கிளறுங்கள். பிறகு எத்தனால். தண்ணீர் கடைசியில், கரண்டி கரண்டியாக. முடிந்ததும் குவளையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். ரேகை தெரிந்தால் கலந்துவிட்டது. கழனித்தண்ணீர் போல் வெளுத்தால் பாலிசார்பேட் போதவில்லை, அரை அரை மில்லியாகச் சேருங்கள்.

சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். ஒரு மில்லிக்கு 20 சொட்டும் வரும், 35 சொட்டும் வரும். புட்டி வாயையும் எண்ணெயின் கெட்டியையும் பொறுத்தது. ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு போதும். பாலிஸ்டைரின் குவளையில் கலக்கவே கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெயில் உள்ள லிமோனீன் அதைக் கரைத்துவிடும்.

இது எளிதில் தீப்பற்றும் கலவை. சாமி விளக்கு எரியும்போதும் அடுப்பருகிலும் தெளிக்காதீர்கள். எத்தனால் வேண்டாமென்றால் அதற்கும் தண்ணீரே ஊற்றலாம், ஆனால் நம் ஊர் வெக்கையில் அதில் கிருமி வளரும். சிறிதளவு செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சாந்தி, பிடோக்

தரை வழுக்குவது எண்ணெய்ப் படலத்தால். எண்ணெய் தருவது வாசனை. அழுக்கை எடுப்பது சோப்புதான். 5 லிட்டர் வாளிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி போதும். கூடினால் காய்ந்த பிறகு தரை காலில் ஒட்டும். வாசனை வேண்டுமென்றால் ஐந்து சொட்டை அந்தத் தேக்கரண்டித் திரவத்தில் முதலில் குழைத்து, பிறகு தண்ணீரில் கலக்குங்கள். வினைலுக்கு மாப்பைச் சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். இடுக்கில் தண்ணீர் இறங்கினால் பலகையின் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

வினிகர் எண்ணெயைக் கரைக்காது, அதுவே பெரும்பகுதி தண்ணீர்தானே. தாவர எண்ணெயில் செய்யும் காஸ்டைல் சோப்போடு கலந்தால் சோப்பு உடைந்து, திரிந்த பால் போல் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். ஆப்ப சோடாவோடு கலந்தால் நுரை பொங்கும், பார்க்க வேலை நடப்பதுபோல் இருக்கும். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு உப்புக் கரைசல்தான் மிஞ்சும். பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். நம் கழிவறைகள் எவ்வளவு சிறியவை என்று தெரியும்தானே.

ஷவரில் படியும் வெள்ளைப் படிவுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பளிங்கு, டெராசோ (பளிங்குத் துணுக்கு பதித்த) தரை உள்ளவர்கள் வினிகரோ கலமான்சி என்ற சிறு எலுமிச்சையின் சாறோ படவிடாதீர்கள். அமிலம் பட்ட இடம் மெருகிழந்து மங்கிவிடும்.

நூர்ஜஹான், உட்லண்ட்ஸ்

இருவர் சொன்ன அளவும் சரி. ஆனாலும் மலர் வீட்டுத் தரைக்கு எண்ணெயே வேண்டாம் என்பேன், சாந்தி அக்கா சொன்ன ஐந்து சொட்டும்கூட. இந்த எண்ணெய்களில் உள்ள பல பொருள்களைப் பூனையின் ஈரலால் எளிதில் சிதைக்க முடியாது. தரையில் நடந்த பாதத்தை அது நக்கும். டீ ட்ரீ எண்ணெய் மிகவும் ஆபத்து. 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இருப்பதால் இது மலருக்கு மட்டுமான கவலை இல்லை. தெளிப்பானையும் குழந்தை தூங்கும் அறையில் பயன்படுத்தாதீர்கள்.

அலமாரிக்குப் பாச்சை உருண்டை வைக்கவே வேண்டாம். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாட்டுச் சோதனை செய்வார்கள், அந்த முடிவை எடுத்துப் பாருங்கள். குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த உருண்டை வைத்த துணியை உடுத்தினாலே சிவப்பணுக்கள் உடையலாம். சூடமும் தவிர்க்க வேண்டியதுதான்.

அலமாரியில் வரும் முடை நாற்றத்துக்குக் காரணம் ஈரம். வாசனை அதை மூடுமே தவிர பூஞ்சையை நிறுத்தாது. கால்சியம் குளோரைடு உள்ள ஈரமுறிஞ்சிப் பெட்டியைக் அலமாரிக்குள், குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள். தண்ணீர் நிரம்பியதும் மாற்றுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். அதன் பிறகுதான் வாசனை: தேக்கா (லிட்டில் இந்தியா) நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கி, 20 கிராம் வேரும் 10 கிராம் கிராம்பும் மல்துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். வேர் நமத்துப்போனால் அதிலேயே பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை வெயிலில் காட்டுங்கள்.

மலர், பொங்கோல்

மூவருக்கும் நன்றி. தரைக்குச் சோப்பு மட்டும் போதும் என்று முடிவெடுத்துவிட்டேன். மிச்ச எண்ணெய் கொசுவுக்கு உதவுமா? அது சுத்தமான எண்ணெய்தானா என்று எப்படிப் பார்ப்பது?

கதிர், ஜூரோங்

கொசுவைக் கொஞ்ச நேரம் விரட்டும், எண்ணெய் ஆவியானதும் பலன் போய்விடும். டெங்கிக்கு அதை நம்பாதீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைப்பது டீட், பிக்காரிடின், ஐஆர்3535 ஆகியவற்றில் ஒன்று உள்ள கொசு விரட்டி. குழந்தைக்கு எதைப் பூசுவதென்று மருத்துவரைக் கேளுங்கள்.

சுத்தம் பார்க்க: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் வெளிச்சத்தில் பிடித்தால், தேங்காய் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் கலந்திருந்தால் கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். எலுமிச்சைப்புல் எண்ணெய் மட்டுமென்றால் லேசான மஞ்சள் கறை இருக்கலாம், பிசுக்கு இருக்காது. வெட்டிவேர், சந்தன எண்ணெய்க்கு இந்தச் சோதனை ஒத்துவராது, அவை இயல்பிலேயே மெதுவாகத்தான் ஆவியாகும்.