செவ்வந்தியில் இலைச் சுரங்கப் பூச்சி: மருந்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கேள்வி
வணக்கம். சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் ஒரு பசுமைக்குடிலில் தொட்டிச் செவ்வந்தி வளர்க்கும் பணியில் இருக்கிறேன். இலைகளில் பாம்பு ஊர்ந்த தடம்போல் வெள்ளைக் கோடுகள் நெளிந்து கிடக்கின்றன. அபாமெக்டின், சைரோமசின், ஸ்பைனோசாட் ஆகியவற்றுள் எது கேட்கும் என்று அறிய, மேசைக்கு ஒரு மருந்தாகத் தெளித்து 3 நாள் கழித்துக் கோடுகளை எண்ணினேன். எந்த மேசையிலும் குறையவில்லை. மூன்று மருந்துகளுக்கும் பூச்சி பழகிவிட்டதா?

மறுமொழி 1
அந்த முடிவுக்கு இப்போதே வர வேண்டாம், ஐயா. புழு செத்தாலும் அது தின்ற தடம் இலை உள்ளவரை அழியாது. ஆகவே எண்ண வேண்டியது கோடுகளை அல்ல, உயிருள்ள புழுக்களை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கோட்டின் அகன்ற முனையைக் கைவில்லையால் பாருங்கள். உயிருள்ள புழு மஞ்சளாக இருக்கும், கறுத்த வாய்க்கொக்கி அசைவதும் தெரியும். செத்தது பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். மேலும், சைரோமசின் புழுவின் தோலுரிப்பைக் குலைத்து மெதுவாக வேலை செய்வதால், அதை 3 நாளில் எடைபோடுவது நியாயமன்று.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. ஆனால் மேசைக்கு ஒரு மருந்து என்ற அமைப்பே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கதவோரத்து மேசையில் இந்தப் புழுக்களின் தாய்ப்பூச்சியான ஈ அதிகம் இருந்தால், அங்கே தெளித்த மருந்துதான் பழியைச் சுமக்கும். ஒவ்வொரு மேசையிலும் மூன்று மருந்துகளுக்கும், வெறும் தண்ணீருக்கும் சில தொட்டிகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, தெளிப்பதற்கு முன்பும் எண்ணிக்கொள்ளுங்கள். புழுவில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியால் செத்த புழுவும் இலைக்குள்ளேயே கிடந்து, மருந்தால் செத்ததுபோல் தோன்றும் என்பதால், தண்ணீர் தெளித்த செடிகள் இல்லாமல் கணக்கு நிற்காது. முற்றிய புழு இலையைக் கிழித்து வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகும். தொட்டிக்கடியில் வெள்ளைத் தட்டு வைத்தால் அரிசிக்குறுணை போன்ற பழுப்புக் கூடுகள் சில அதில் விழும். அவற்றை மூடிய டப்பாவில் இரண்டு வாரம் வைத்து, எத்தனை ஈக்கள் வெளிவருகின்றன என்று பாருங்கள். சைரோமசினின் பலன் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

மறுமொழி 3
பழகிவிடும் என்ற அச்சம் வீணானதல்ல. புளோரிடாவின் செவ்வந்தித் தோட்டங்களில் லிரியோமைசா டிரைஃபோலியை என்னும் இந்த ஈ ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகளை வென்றது. அங்கிருந்து 1970களில் செவ்வந்திக் கன்றுகளோடு பல நாடுகளுக்கும் பரவியது. நல்ல மருந்து கிடைத்தாலும் அதையே தொடராமல், செயல்படும் விதம் வேறான மருந்துகளை மாற்றி மாற்றித் தெளியுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தில் பதிவான மருந்துதானா என்பதையும் முதலில் பாருங்கள்.

கேட்டவர்
மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று 20 இலைகளை வெளிச்சத்தில் பார்த்தேன். அபாமெக்டின் மேசையில் பெரும்பாலான புழுக்கள் பழுப்பாகவே இருந்தன. அடுத்த கன்றுத் தொகுதியில், தண்ணீர்த் தொட்டிகளையும் சேர்த்து, முதலிலிருந்து தொடங்குகிறேன்.