இல்மேட்டர் பூசாரியா விளையாடுறது எப்பிடி? ஹீல் பண்ணுறதைத் தவிர வேற வேலை இருக்கோ?

கொக்குவில்_பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஞாயிறு பின்னேரங்களில டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் (பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமா கதை நடத்துற விளையாட்டு) விளையாடுறனாங்கள், ஐஞ்சாம் எடிஷன், ஃபொர்காட்டன் ரெல்ம்ஸ் எண்ட கற்பனை உலகம். இந்த முறை நான் கிளெரிக், அதாவது ஒரு தெய்வத்தின்ர பூசாரி. பால்டர்ஸ் கேட் 3 எண்ட கம்பியூட்டர் கேம் விளையாடேக்க தெய்வங்களின்ர லிஸ்டில இல்மேட்டரைப் பாத்ததில இருந்து ஒரு விருப்பம், அதால அவரையே எடுத்தன். ஆனா கதையை நடத்துற எங்கட டிஎம் அண்ணை சொல்லுறார் உது சும்மா அழுதுகொண்டு மற்றவைக்கு மருந்து கட்டுற சாமி, பின்னுக்கு நிண்டு ஹீல் அடிக்கிறதோட முடிஞ்சுது, பேசாம நீதித் தெய்வம் டைரை எடு எண்டு. இரக்கத்தை மட்டும் வைச்சு ஒரு ஆளை வடிவா விளையாடேலாதோ? மற்றது, எங்கட ஊர் அம்மன் கதையளை இதுக்குள்ள கலந்தா நல்லா இருக்குமோ?

பகடை_உருட்டி:
தம்பி, உங்கட அண்ணை பேரை மட்டும்தான் வாசிச்சிருக்கிறார் போல. இல்மேட்டர் முதல்ல தாங்குற தெய்வம், குணமாக்கிறது அதுக்குப் பிறகுதான். சின்னத்தைப் பாருங்கோ, மணிக்கட்டில சிவப்புக் கயிறு கட்டின ரெண்டு கை. ஆரோ படுற நோவைத் தான் வாங்கிக்கொள்ளுறதுதான் அவற்ற தொழில், அதால அவரை நம்பிற ஆள் பின்னுக்கு நிக்கவே மாட்டான், அடி விழுற இடத்தில போய் நிப்பான். டைர், டோர்ம், இவர் எண்டு மூண்டு பேரும் ஒரு கூட்டு, எதிரி லொவியாடர், அவ நோவைக் குடுத்து ரசிக்கிற ஆள். டிஎம்மிட்டச் சொல்லி லொவியாடர் கூட்டத்தில ஒருத்தரை வில்லனா இறக்கச் சொல்லுங்கோ, பிறகு உங்கட ஆள் சும்மா இருக்கிறாரோ எண்டு பாப்பம்.

இதுக்கெண்டே செய்த மாதிரி ஒரு ஸ்பெல் (மந்திரம்) இருக்கு, வார்டிங் பாண்ட். ரெண்டாம் லெவல் ஸ்பெல், நீங்கள் மூண்டாம் லெவலுக்கு வந்தாக் கிடைக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு நீங்கள் காப்பாத்துற கூட்டாளிக்கு ஏசி (அடி படாமத் தடுக்கிற எண்), சேவ் (ஆபத்தில தப்பப் பகடை உருட்டுறது) ரெண்டிலயும் ஒண்டு கூடும், அவருக்கு விழுற அடி பாதியாகும், ஆனா அவர் வாங்கிற அளவு டமேஜ் உங்களுக்கும் விழும். நான் பாத்த வரையில இல்மேட்டரை உதைவிட வடிவா விளக்கிற சாமான் அந்தப் புத்தகத்தில இல்லை.

தாயக்கட்டை:
மேல சொன்னது சரி, ஆனா முழுக்கச் சொல்லேல்லை. வார்டிங் பாண்டுக்கு கான்சென்ட்ரேஷன் (மனசை ஒருமுகப்படுத்தி மந்திரத்தைப் பிடிச்சு வைக்கிறது) தேவையில்லைதான், ஆனா நீங்கள் பிளெஸ் மாதிரி அது தேவைப்படுற வேற ஸ்பெல் ஏதும் பிடிச்சுக்கொண்டு நிண்டா கூட்டாளி அடி வாங்கிற ஒவ்வொரு முறையும் உங்களுக்கு கான் சேவ் (உடல் உறுதிக்கான சேவ்) வரும், அதில தோத்தா அந்த ஸ்பெல் உடையும். உங்கட உயிர்ப்புள்ளி ஸீரோவுக்குப் போனா, இல்லாட்டி ரெண்டு பேரும் 60 அடிக்கு மேல விலகினா பாண்டும் முடிஞ்சுது. ஆளுக்கொரு பிளாட்டினம் மோதிரமும் வேணும், ஒண்டு 50 கோல்ட். அடிபடவே ஆசைப்பட்டு விழுந்து கிடக்கிற ஹீலரால பார்ட்டிக்கு (கூட வாற குழுவுக்கு) ஒரு பிரயோசனமும் இல்லை, தியாகமும் கணக்குப் பாத்துத்தான் செய்யோணும்.

மட்டுவில்காரி:
அம்மனைக் கலக்கிறதைப் பற்றி ஒண்டு சொல்லுறன். இல்மேட்டரோட கலக்காதேங்கோ, அது வேற இது வேற. அங்க நோய்க்கு டலோனா எண்டு தனி ஆள், குணமாக்க இவர். எங்கட கண்ணகை அம்மனிட்ட அந்தப் பிரிப்பே இல்லை, குடுக்கிறதும் அவ இறக்கிறதும் அவ. அம்மாள் வந்த (அம்மை போட்ட) வீட்டுக்கு வாசல்ல வேப்பிலை கட்டுவினம், மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, தாளிப்பு இல்லை, வெளியாக்கள் உள்ள வரேலாது, இறங்கினாப் பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணி வாப்பினம். மதுரையை எரிச்ச கோபம் ஆறோணும் எண்டதுதான் அடிப்படை, மட்டக்களப்புப் பக்கம் குளிர்த்திச் சடங்கு எண்டு செய்யிறதும் அதுக்குத்தான். பங்குனித் திங்களில எங்கட பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில பொங்குற சனத்தை ஒருக்கா வந்து பாருங்கோ, அதில பயமும் இருக்கு, அம்மா எண்ட உரிமையும் இருக்கு. (கன கண்ணகை கோயில் பிறகு ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி எண்டு மாறினது தனிக்கதை, அதை இங்க துவங்கினா விடியும்.)

அதால உங்கட டிஎம் புதுசா ஒரு ஊரும் அதுக்கொரு தெய்வமும் செய்யட்டும். அங்க அடியார் ஸ்பெல் போட மாட்டினம், வருத்தக்காரரின்ர வீட்டு வாசல்ல காவல் நிப்பினம். உங்கட பார்ட்டி உள்ள போய்க் குணமாக்கிறம் எண்டு அவசரப்படும், அவை விடாயினம். ரெண்டு பக்கமும் இரக்கத்திலதான் நிக்குது, ஆனா சண்டை வரும். எனக்கெண்டா அந்த சீனுக்காகவே வந்திருந்து விளையாடலாம்.

கீரிமலைத்_தண்ணி:
குதிரை முகம் மாறின மாருதப்புரவீகவல்லி கதையையும் மறக்காதேங்கோ, கீரிமலைத் தீர்த்தத்தில முழுகிக் குணமாகி மாவிட்டபுரம் கோயில் கட்டினவ. நேரா ஒரு குவெஸ்ட்.

கொக்குவில்_பெடியன்:
எல்லாருக்கும் நன்றி, அக்கான்ர ஐடியாவை டிஎம்முக்கு அனுப்பீட்டன். ஆனா நான் இப்ப முதலாம் லெவல், மோதிரத்துக்கும் காசில்லை. அதுவரைக்கும் என்ன செய்யிறது?

பகடை_உருட்டி:
ஸ்பேர் த டையிங் எண்ட கான்ட்ரிப் (எத்தினை தரமும் போடக்கூடிய சின்ன மந்திரம், சாகப்போற ஆளைச் சாகாம நிப்பாட்டும்) எடுங்கோ, எடுத்து விழுந்த கொப்ளினுக்கும் (சின்ன எதிரிப் பூதம்) போடுங்கோ. எதிரியள் ஸீரோவில உடன சாகுமோ எண்டு டிஎம்மிட்ட முதலே கேட்டு வையுங்கோ, கனபேர் சாகவிடுவினம். உயிரோட கிடக்கிற கொப்ளினை என்ன செய்யிறது எண்டு உங்கட கூட்டத்தில கள்ளனா விளையாடுற ரோக் கத்தத் துவங்குவான், நீங்கள் அதுக்குத் தண்ணி பருக்கிக்கொண்டிருங்கோ.