மறு: ஹெமாஞ்சியோமாவுக்கு என்ன சொல்? (வெள்ளிக்கிழமை அச்சு)

மருத்துவர், மதுரை:
எல்லோருக்கும் வணக்கம். ஸ்கேனுக்கு வருபவர்களுக்குத் தர ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். ஹெமாஞ்சியோமா என்பது ரத்தக்குழாய்கள் திரண்டு உண்டாகும், புற்று அல்லாத கட்டி; கல்லீரலில் சாதாரணமாகப் பார்ப்பதுதான். குடலைத் தாங்கும் சவ்விலோ வயிற்றின் பின்புறத்திலோ வந்தால் அபூர்வம். ‘குருதிநாளக் கட்டி’ என்று போட்டேன். படித்துப் பார்த்த அம்மா ஒருவர், “கட்டின்னா கேன்சர்தானே டாக்டர்?” என்றார். கட்டி இல்லாமல் ஒரு சொல் வேண்டும்.

தமிழாசிரியர், திருமங்கலம்:
உடலில் திரளும் கட்டிக்குக் கழலை என்ற சொல் இருக்கக் கவலை ஏன்? கழங்கு, கழற்சிக்காய், கழலை எல்லாம் திரட்சிப் பொருளில் ஒரே வேர் என்பது என் துணிபு. குருதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். குறுந்தொகை முதற்பாட்டிலேயே காந்தள் ‘குருதிப்பூ’.

மொழிபெயர்ப்பாளர், மேலூர்:
ஐயா, காந்தளுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. ஜனங்கள் ரத்தம் என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம், பள்ளியில் ‘முன்கழுத்துக் கழலை’ (தைராய்டு வீக்கம்) படித்தவர்கள் கழலை என்றதும் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள்.

தமிழாசிரியர்:
ரகரம் மொழிமுதல் வராது. இரத்தம் என்றாவது எழுதுங்கள். அதுகூட வடசொல் அல்ல, செம்மையைக் குறிக்கும் ‘அரத்தம்’ திரிந்தது என்று வாதிடுவோர் உண்டு. சிவப்பான அரக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், உசிலம்பட்டி:
பெயர் எதுவானாலும், ‘ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாமே’ என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இருக்கிறதா?

மருத்துவர்:
இருக்கிறது அக்கா. குத்தினால் ரத்தம் கசியலாம் என்பதால் கூடியவரை படத்தை வைத்தே முடிவு செய்வோம். படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்தை ஏற்றி சிடி எடுத்தால், கல்லீரலில் உள்ள ஹெமாஞ்சியோமாவின் விளிம்பில் அந்த மருந்து திட்டுத்திட்டாகத் தொடங்கி மெல்ல நடுவை நோக்கி நிரம்பும். எம்ஆர்ஐ ஸ்கேனில் டி2 என்ற வகைப் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும். அபூர்வமான இடங்களில் இந்த அடையாளங்கள் சரியாக அமையாமல் போகலாம்; வேறு கட்டிகளும் இதே போலத் தெரியும். அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுதியாவதும் உண்டு. உள்ளே சுண்ணாம்பு படிந்த சிறு உருண்டைகள் இருந்தால் அது நல்ல துப்பு. அதற்கும் ஒரு சொல் வேண்டுமே?

தமிழாசிரியர்:
சிரைக்கல்.

மொழிபெயர்ப்பாளர்:
சிரைக்கல். இதில் சண்டையே இல்லை!

மருத்துவர்:
சரி, பெரும்பாலோர் தலையாட்டியபடி ‘ரத்தக்குழாய்க் கழலை’, பக்கத்தில் ‘புற்று அல்ல’ என்று தடித்த எழுத்தில். அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

செவிலியர்:
கழலை எங்கள் பக்கம் யாருக்கும் புரியாது. வாயால் சொல்லித்தான் கொடுக்கணும்.

தமிழாசிரியர்:
இகரம் இல்லாத ரத்தத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்யவும். அரத்தம் பற்றிய மடல் தனியே வரும்.