ஆலிஸ் கூப்பரின் 'புரூட்டல் பிளானட்' ஆல்பத்தை முதலில் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

பீடோங் தம்பி:

அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் என்றால் மலேசியாவில் நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு 1989-ல் வந்த 'பாய்சன்' ஒன்றுதான் தெரியும். அதே ஆள் 2000-ல், 52 வயதில், 'புரூட்டல் பிளானட்' போட்டார் பாருங்கள், நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயமே ஆடிப்போனது. அண்ணன் அப்போது சுங்கைப் பட்டாணியில் ஃபேக்டரி வேலை. சம்பளம் எடுத்த கையோடு கேசட்டை வாங்கி வந்து போட்டான். கூடவே சேர்ந்து பாடலாம் என்று உட்கார்ந்திருந்த எனக்கு முதல் பாட்டிலேயே வாயடைத்துவிட்டது. கிட்டார் அவ்வளவு அடியில் உறுமியது. ரேடியோவுக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்தின் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பலகைச் சுவர்தானே, பக்கத்து வீட்டு அத்தை தட்டி, "டேய், காலையில பெரட்டுக்குப் போக வேணாமா?" என்று தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்தைச் சொல்லிக் கத்தினார். சத்தத்தைக் குறைத்தோம். குறைத்தால் அந்த ஆல்பத்தில் பாதி காணாமல் போய்விடுகிறது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கித்தாமரம்:

நான் அப்போது தோட்டத் திருவிழா மேடைகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். செர்ச், விங்ஸ் மாதிரி மலாய் ராக் குழுக்களின் பாட்டுத்தான் கேட்பார்கள். இந்த ஆல்பத்தைக் கேட்டதும் ஆசை வந்து ஆறு கம்பியின் ஸ்ருதியையும் இறக்கினேன். போட்டிருந்ததோ மெல்லிய செட். கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் பட்டு 'சர்ர்' என்றது, கொஞ்சம் அழுத்தினாலே ஸ்ருதி விலகியது. கூலிம் கடைக்காரர் தடித்த கம்பி போடச் சொன்னார். போட்டால் கம்பி, கிட்டார் கழுத்தின் நுனியில் அதைத் தாங்கும் 'நட்' என்ற துண்டின் பள்ளத்தில் உட்காரவில்லை, அராவ வேண்டியதாயிற்று. அப்புறம்தான் இழுவிசை திரும்பி, அந்தக் கனம் வந்தது.

ஸ்ருதி இறக்குவது ஆலிஸ் கண்டுபிடித்த வித்தை இல்லை. பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமி, பர்மிங்ஹாமில் ஃபேக்டரி மெஷினில் விரல் நுனிகளைப் பறிகொடுத்தவர். கம்பியை அழுத்தச் சுலபமாக இருக்கட்டும் என்று ஸ்ருதியை இறக்கினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் மூன்று செமிடோன் (அரை ஸ்வரம்) இறக்கம். ஹெவி மெட்டல் சத்தத்துக்கு அதுவும் ஒரு அடித்தளம். மெஷினில் விரல் போனவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பணம்தான் வந்தது.

பழைய ரசிகன் 75:

மன்னிக்கணும், எனக்கு ஒட்டவே இல்லை. நான் 1975 'வெல்கம் டு மை நைட்மேர்' ஆள். அவர் மேடை நிகழ்ச்சிகளைப் பினாங்கிலிருந்து வந்த வீடியோ டேப்பில் பார்த்திருக்கிறேன்: கழுத்தில் பாம்பு, மேடையில் தலை வெட்டும் கில்லட்டின், தலை உருளும், கூட்டம் கைதட்டும். பயமும் கூத்தும் சரிபாதி. மேரிலின் மேன்சன், ராப் ஸாம்பி மாதிரிப் பின்னால் வந்த ராக் பாடகர்கள் எல்லாம் இவரைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2000-ல் இவர் போய் அவர்கள் சத்தத்தையே எடுத்துக்கொண்டார். தாத்தா பேரன் சட்டையை மாட்டிக்கொண்ட கதைதான்.

ஷிப்ட் பஸ்:

அண்ணே, நான் இந்த ஆல்பத்தை வரிகளுக்காகக் கேட்டவள். இரவு ஷிப்டுக்கு ஃபேக்டரி பஸ்ஸில் போகும்போது தம்பியின் வாக்மேனை எடுத்துக்கொள்வேன். இங்கிலீஷ் எனக்குச் சுமார்தான், அதனால் கேசட் அட்டையை மடியில் விரித்துவைத்து, பஸ் விளக்கை அணைக்கும்வரை ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். அதில் பேய் பிசாசு ஏதும் இல்லை. துப்பாக்கியும் வெறுப்புமாகத் திரியும் ஒரு பையன், போரில் செத்த குடும்பத்தின் எலும்புகளைத் தலையணை உறையில் பொறுக்கிப் போடும் ஒருவன். எல்லாம் பேப்பரில் வருகிற செய்தி.

'டேக் இட் லைக் எ வுமன்' வந்ததும் டேப்பை நிறுத்திவிட்டேன். அடி வாங்குகிற பெண்ணைப் பற்றிய பாட்டு. இரைச்சல் எல்லாம் அடங்கி, மெதுவாக வரும். சம்பள ராத்திரியில் எங்கள் லயத்தில் எந்த வீட்டில் முதலில் பாத்திரம் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் அந்த அக்கா கைலியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ரப்பர் பால் வாளியைத் தூக்குவார், யாரும் கேட்க மாட்டார்கள். கங்காணிகூட வேறு பக்கம் பார்ப்பார். அதைப் பற்றி எங்கேயோ இருக்கிற ஒரு கிழவன் பாடுகிறான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ரிவைண்ட் பண்ணித் திரும்பக் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் கூத்து என்று கொண்டாடுகிற அந்த 1975 ஆல்பத்திலேயே 'ஒன்லி விமன் பிளீட்' இருக்கிறதே! அதுவும் இதே விஷயம்தான். அதைத் தயாரித்த பாப் எஸ்ரின், 2000 ஆல்பத்துக்கும் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர். கூடவே பாப் மார்லெட் தயாரித்தார். கில்லட்டினைக் கழற்றி வைத்துவிட்டு அதே ஆள் பேசினால் இப்படித்தான் இருக்கும். பேரன் சட்டை என்று எனக்குத் தோன்றவில்லை.

பீடோங் தம்பி:

அக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. 2001-ல் நம் கெடா மாநிலம் முழுக்க, 'பிளாக் மெட்டல்' பாட்டுக் கேட்கிற பையன்கள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்ற பயம் கிளம்பியது ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு டீ-சட்டை போட்டாலே சந்தேகமாகப் பார்த்தார்கள். ஆலிஸ் பாதிரியார் மகன், தானும் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் போட்ட ஆல்பம் இது என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா நம்பவில்லை. கேசட் அரிசி டின்னுக்குப் பின்னால் போனது. அந்த வருஷமே இதன் தொடர்ச்சியாக 'டிராகன்டவுன்' வந்தது, அதே இருட்டு. 2003 ஆல்பத்தில் மனிதர் பழைய கராஜ் ராக்குக்கே திரும்பிவிட்டார்.

பழைய ரசிகன் 75:

திரும்பினார் அல்லவா, அதைத்தான் நானும் சொல்கிறேன்! சரி தங்கச்சி, அந்த எலும்பு பொறுக்குகிற பாட்டை நேற்று ராத்திரி போட்டுக் கேட்டேன். அது நல்ல பாட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் எனக்கு இன்னும் இரைச்சல்தான்.