டிக்டேஷனில் சரியாகக் கேட்காத சொற்கள்: எதை எழுதலாம், எதை பிளாங்க் விடணும்?

கேள்வி

வணக்கம். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு, அதாவது டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாக எழுதும் வேலைக்கு, நான் புதுசு. பயிற்சி முடிந்து இப்போதுதான் நேரடி ஃபைல்கள் கொடுக்கிறார்கள். ஒரு ஆர்த்தோ டாக்டரின் ஃபைல்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. வேகமாகப் பேசுவார், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார், பின்னால் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். இன்று வந்த ஒரே ஃபைலில் மூன்று இடத்தில் நிற்கிறேன்.

1. நோயாளிக்கு முழங்காலின் வெளிப்பக்கம் அடி. டாக்டர் சொல்வது "பெரினியல் நெர்வ் இன்ஜுரி" என்று காதில் விழுகிறது. அகராதியில் பார்த்தால் அது ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் இருக்கும் பகுதி. முழங்காலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

2. அறுவை சிகிச்சைக் குறிப்பில் "வீட்லேண்டர் பிளேஸ்டு" என்று ஏதோ ஒரு கருவி. எந்த ஸ்பெல்லிங் போட்டுத் தேடினாலும் அகப்படவில்லை.

3. மருந்துப் பட்டியலில் "ஹைட்ரா... ஸின் 25 மில்லிகிராம், தினம் மூன்று வேளை". நடுவில் காகிதம் புரட்டும் சத்தம். ஹைட்ராலசினா, ஹைட்ராக்சிசினா?

பிளாங்க் நிறைய விடாதே என்று மேலதிகாரிகள் சொல்கிறார்கள். தப்பாக எழுதவும் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1

முதல் இரண்டும் தீர்க்கக் கூடியவை. மூன்றாவது வேறு வகை, அதை நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

உங்கள் சந்தேகமே சரியான வழியில்தான் போயிருக்கிறது. காதில் விழுந்த சொல் உடம்பில் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்றால், அதே ஒலியில் அந்த இடத்துக்குரிய சொல் வேறு இருக்கிறதா என்று தேட வேண்டும். இங்கே அது பெரோனியல். ஃபிபுலா என்ற, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில் ஓடும் நரம்பு. முழங்காலின் வெளிப்பக்கம் அடிபட்டால் முதலில் பாதிக்கப்படுவது அதுதான். அது பாதிக்கப்பட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாது. அதனால் ஃபைலில் கொஞ்சம் தள்ளிப் போய் "ஃபுட் டிராப்" என்றோ "டார்சிஃப்ளெக்‌ஷன் வீக்" (பாதத்தை மேலே தூக்கும் பலம் குறைவு) என்றோ வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் கேள்விக்கே இடமில்லை. இன்னொன்று, இதே நரம்பைப் புதிய பாடநூல்கள் ஃபிபுலார் நெர்வ் என்கின்றன. டாக்டர் பெரோனியல் என்றால் பெரோனியல் என்றே இருக்கட்டும், நாமாக மாற்றக் கூடாது.

இலியம் என்ற சொல்லிலும் இதே சிக்கல்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இடுப்பெலும்பும் காதுக்கு ஒன்றேதான். ஆங்கில ஸ்பெல்லிங்கில் குடலுக்கு நடுவில் இ (ileum), எலும்புக்கு நடுவில் ஐ (ilium). ஃபைலை எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் இது தெரியாது. டாக்டர் அப்போது குடலைப் பற்றிப் பேசுகிறாரா, எலும்பைப் பற்றிப் பேசுகிறாரா என்பதுதான் விடை.

வீட்லேண்டர் என்று கேட்டது வெய்ட்லேனர். காயத்தின் இரு விளிம்புகளையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, கையை எடுத்தாலும் தானாக நிற்கும் ரிட்ராக்டர். ஸ்பெல்லிங் Weitlaner. என்-னுக்குப் பிறகு டி (d) கிடையாது, ஆனால் பல டாக்டர்கள் இருப்பதுபோலத்தான் சொல்வார்கள். கருவிப் பெயர்கள் பெரும்பாலும் ஆள் பெயர்கள், அதனால் பொது அகராதியில் தேடிப் பயனில்லை. சர்ஜிக்கல் கருவி கேட்லாக்கில், ரிட்ராக்டர் என்ற தலைப்புக்குக் கீழே வரிசையாகப் பாருங்கள். ஒலியை விட்டுவிட்டு வேலையை வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

பதில் 2

மூன்றாவதற்கு என் பதில்: பிளாங்க். தயங்கவே வேண்டாம்.

ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். இரண்டுமே 10, 25, 50 மில்லிகிராம் மாத்திரைகளாக வருகின்றன. இரண்டையுமே நாளைக்கு மூன்று வேளை கொடுப்பது உண்டு. அதனால் அளவை வைத்தோ வேளையை வைத்தோ பிரிக்க முடியாது. வெகுநாளாகவே குழப்பம் தரும் ஜோடி இது. ஒரே மாதிரி மருந்துப் பெயர்களில் வேறுபடும் துண்டை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2001-ல் கொண்டுவந்தபோது, அந்தப் பட்டியலில் இந்த இரண்டும் இருந்தன. ஆனால் அந்த ஏற்பாடு கண்ணுக்குத்தான் உதவும். காதால் கேட்டு எழுதும் நமக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

செலிப்ரெக்ஸ், செலெக்ஸா, செரிபிக்ஸ் மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று மூட்டு வலிக்கு, ஒன்று மனச்சோர்வுக்கு, ஒன்று வலிப்புக்கு. லாமிக்டல் வலிப்புக்கு, லாமிசில் பூஞ்சைத் தொற்றுக்கு. இவற்றில் நோயறிதல் தெளிவாக இருந்தால் பாதிச் சந்தேகம் போய்விடும். உங்கள் ஃபைலில் நோயாளிக்கு வேறு என்னென்ன பிரச்சினை என்று சொல்லியிருக்கிறார்?

கேட்டவர்

முதல் இரண்டுக்கும் மிக்க நன்றி. ஃபைலின் கடைசியில் ஃபுட் டிராப் என்று தெளிவாகவே வருகிறது.

மருந்து விஷயத்தில்தான் இன்னும் சிக்கல். பழைய நோய்கள் என்ற பகுதியில் இரத்த அழுத்தமும் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு என்றும் சொல்கிறார். இரண்டுமே பொருந்துகிறது. இதே நோயாளியின் முந்தைய ரிப்போர்ட் ஒன்று சிஸ்டத்தில் இருக்கிறது, அதில் ஹைட்ராலசின் 25 என்று உள்ளது. அதைப் பார்த்துப் போட்டுவிடலாமா?

பதில் 2

போடாதீர்கள். பழைய ரிப்போர்ட் டாக்டரின் பேச்சு வழக்கம் தெரிய உதவும், ஸ்பெல்லிங் பார்க்க உதவும். இன்று எந்த மருந்து கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. மருந்தை நிறுத்தியிருக்கலாம், மாற்றியிருக்கலாம், புதிதாக ஒன்று சேர்த்திருக்கலாம்.

பிளாங்க் விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வெறும் கோடு போட்டு அனுப்பினால் டாக்டர் முழு ஃபைலையும் மறுபடி கேட்க வேண்டும், எரிச்சல்தான் மிஞ்சும். கோடு போட்டு, ஆடியோவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து, "ஹைட்ராலசின் அல்லது ஹைட்ராக்சிசின் போல ஒலிக்கிறது, முந்தைய ரிப்போர்ட்டில் ஹைட்ராலசின் உள்ளது, உறுதி செய்யவும்" என்று குறிப்பு எழுதுங்கள். படித்த அடுத்த நிமிடம் அவர் பதில் சொல்லிவிடலாம். உங்கள் அக்கவுண்டில் (நீங்கள் எழுதிக் கொடுக்கும் மருத்துவமனைக்கு) குறிப்பு எழுத எந்த வடிவம் வைத்திருக்கிறார்களோ அதிலேயே எழுதுங்கள்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. டாக்டர் சொன்னது 8 யூனிட் இன்சுலின், டிரான்ஸ்கிரிப்டில் 80 என்று விழுந்தது. அந்தத் தாளை நம்பி அடுத்த இடத்தில் ஊசி போட்டார்கள், நோயாளி இறந்துபோனார். 2012-ல் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஒரே ஒரு சுழியம். மருந்துப் பெயர், அளவு, இடமா வலமா, இந்த மூன்றிலும் "அநேகமாக இதுதான்" என்ற நிலையில் எதையும் எழுதக் கூடாது. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

பதில் 3

தேடிக் கிடைக்கவில்லை என்பதைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். மருத்துவச் சொற்களில் பல, ஒலிக்கும் எழுத்தில் தொடங்குவதில்லை. "சோவாஸ்" என்று கேட்டால் எஸ்ஸில் தேடுவோம், ஆனால் அது பி எஸ் என்று தொடங்கும். இமை தொங்குவதை "டோசிஸ்" என்பார்கள், அதுவும் பி-யில்தான். "ஸைஃபாய்ட்" இஸட்டில் இல்லை, எக்ஸில் இருக்கிறது. "யூதைராய்ட்" இ யு. மலத்தில் ரத்தம் பார்க்கும் "குவாயக்" சோதனை ஜி யு. "ராங்கை" என்று கேட்டால் ஆருக்குப் பிறகு ஒரு எச். ஒரு நோட்டில் இடப்பக்கம் கேட்கும் ஒலி, வலப்பக்கம் சரியான எழுத்து என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வாரியாகப் பிரித்து எழுதினால் இன்னும் நல்லது. ஒவ்வொருவருக்கும் வாய்க்குப் பழகிய கருவி, வாய்க்குப் பழகிய தையல் நூல் என்று ஒரு சிறு கூட்டம்தான் இருக்கும், அதையே சுற்றிச் சுற்றிச் சொல்வார்கள்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். புதியவர்கள் புரியாத சொல்லை ரொம்ப மெதுவாக ஓட்டிக் கேட்பார்கள். பாதி வேகத்துக்குக் கீழே போனால் மெய்யெழுத்துகள் கரைந்து போகும், இன்னும் குழம்பும். ஐந்தாறு விநாடி பின்னால் போய், முழு வாக்கியத்தையும் சாதாரண வேகத்தில் ஓட விடுங்கள். சில சமயம் கொஞ்சம் வேகமாக வைத்தால்கூட சட்டென்று பிடிபடும். அப்போதும் பிடிபடவில்லையா, அங்கேயே உட்காராமல் ஃபைலை முடித்துவிட்டு வாருங்கள். தொடக்கத்தில் விழுங்கிய சொல்லை, டாக்டர் தன் முடிவைச் சொல்லும் "இம்ப்ரெஷன்" பகுதியில் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருப்பார்.

பதில் 4

ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (அதிகம்) பற்றி யாரும் சொல்லவில்லை. கடைசி அசை தேய்ந்துபோனால் இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் லேப் எண் இருந்தால் அதைப் பாருங்கள். பொட்டாசியம் சாதாரணமாக 3.5-லிருந்து 5 வரை. 2.9 என்று சொல்லி, பொட்டாசியம் ஏற்றினோம் என்றும் சொன்னால் அது ஹைப்போகேலீமியா, அதாவது பொட்டாசியம் குறைவு.

ஆனால் டாக்டர் மிகத் தெளிவாக ஹைப்பர் என்று சொல்லி, எண் 2.9 என்று இருந்தால்? அப்போது திருத்துவது நம் வேலை இல்லை. சொன்னபடி எழுதி, முரண்பாடு இருக்கிறது என்று குறிப்பு வையுங்கள். நமக்குக் கேட்காதது ஒன்று, அவர் வாய் தவறியது இன்னொன்று. இரண்டுக்கும் குறிப்பு வேறு வேறு.

டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேசியாவிலும் ஜாக்கிரதை. முதலாவது விழுங்குவதில் சிரமம், இரண்டாவது பேச்சில். பக்கவாத நோயாளிக்கு இரண்டுமே வரலாம் என்பதால் நோயின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. கெட்டியான திரவ உணவு, விழுங்கும் சோதனை என்று தொடர்ந்தால் ஒன்று. சொல் கிடைக்காமல் தடுமாறுகிறார் என்றால் மற்றது.

ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அப்படித்தான். அளவில் அந்தச் சந்தேகம் வந்தால் பிளாங்க், வேறு பேச்சில்லை. "பாயிண்ட் ஃபைவ்" என்றால் 0.5 என்று முன்னால் சுழியம் போட்டே எழுதுங்கள். "ஃபைவ்" என்றால் 5 மட்டும், 5.0 கூடாது. புள்ளி மங்கினால் அது 50 ஆகிவிடும்.

கேட்டவர்

பதில் வந்துவிட்டது. டாக்டர் உறுதி செய்தது ஹைட்ராக்சிசின். அரிப்புக்காகப் புதிதாகத் தொடங்கியதாம். ஹைட்ராலசினை இந்த அட்மிஷனில் நிறுத்திவிட்டார்களாம். குறிப்பில் நேரம் போட்டிருந்ததால் உடனே பார்க்க முடிந்தது என்று எழுதியிருக்கிறார்.

இன்னொரு சந்தேகமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து எங்களுக்கு மென்பொருள் அடித்த டிராஃப்ட் வரும், திருத்தினால் போதும் என்கிறார்கள். அப்போது இந்தச் சிக்கல் குறையுமா?

பதில் 1

சிக்கல் இடம் மாறும். மென்பொருள் பெரும்பாலும் பிளாங்க் விடாது. கேட்காத இடத்திலும் ஸ்பெல்லிங் பிழையில்லாத ஒரு சொல்லை வைத்துவிடும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் டிராஃப்டைப் படித்துக்கொண்டே கேட்காதீர்கள். காது ஒரு சொல் முன்னால் போக வேண்டும், கண் பின்னால் வர வேண்டும்.

அதைவிட ஆபத்து, விட்டுப்போகும் சின்னச் சொற்கள். "நோ எவிடன்ஸ் ஆஃப் ஃப்ராக்சர்" (எலும்பு முறிவுக்கான அறிகுறி இல்லை) என்பதில் அந்த "நோ" வாக்கியத்தின் முதல் சொல். டாக்டர் ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்குள் பேசத் தொடங்கியிருந்தால் அதுவே வெட்டுப்பட்டுப் போகும். டிராஃப்டில் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், பொருள் தலைகீழாகியிருக்கும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் தனியாக ஒரு முறை கேளுங்கள். முதல் சொல் வெட்டுப்பட்டதுபோல் இருந்து, எலும்பு முறிவு என்று டிராஃப்ட் சொல்லி, கீழே சிகிச்சைப் பகுதியில் கட்டோ சிலாப்போ எதுவுமே இல்லை என்றால், அங்கே நேரம் போட்டு ஒரு குறிப்பு வைத்துவிடுங்கள்.