புதுப்பிப்பு: கேபட் டிரெயிலைச் சுற்றி வந்துவிட்டோம்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், கேப் பிரட்டன் தீவின் 298 கி.மீ. வட்டச் சாலையான கேபட் டிரெயிலை அக்டோபரில் எந்தத் திசையில் சுற்றுவது என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி இங்கோனிஷில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போனோம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், கரையோரத்தில் கடல் நம் பக்கமே வருகிறது. சரியான யோசனை!

மலை ஏற ஏற மேப்பிளின் சிவப்பு, பிர்ச்சின் மஞ்சள், நடுநடுவே ஊசியிலை மரங்களின் கரும்பச்சை. வழியில் உள்ள ஸ்கைலைன் என்ற நடைபாதையின் மரப்படிகளில் நின்றால் கீழே செயின்ட் லாரன்ஸ் வளைகுடா விரிந்து கிடக்கிறது. வெகுநேரம் பேசாமலே நின்றோம். காற்று ஆளையே தள்ளும், ஜாக்கெட் கட்டாயம்.

அப்புறம், ஒரே நாளில் முடிக்கும் திட்டத்தைக் கைவிட்டேன். மூன்று நாளும் போதவில்லை. வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.